ஆங் என்று சொன்னவர்

அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. யார் எதைக் கேட்டாலும், எதைச் சொன்னாலும், "ஆங்" என்பார். எங்கள் பக்கத்தில் ஆங் என்றால் ஆமாம். ஆனால் அவர் சொன்ன ஆங் அதுவல்ல. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, நான் இங்கேதான் நிற்கிறேன் என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். வரப்பில் நின்று பெரியப்பா கூப்பிட்டால் நாலு வயல் தள்ளியிருந்து அந்தக் குரல் வரும். கூப்பிட்டு முடிப்பதற்குள் வந்துவிடும். அவருடைய அப்பாவும் அப்படித்தானாம்.

எங்கள் ஊர் திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டுக்குப் போகிற பாதையில் இருக்கிறது. எங்கள் நிலத்தில் மூன்று தலைமுறையாக வேலை செய்த குடும்பம் அவருடையது. ஏரிக்கரையைத் தாண்டித் தனியாகக் கிடந்த தெருவில் அவர்கள் வீடு. என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் அவரைப் பெயர் சொல்லி, வாடா போடா என்று கூப்பிட்டுத்தான் வளர்ந்தேன். அவர் என்னைச் சின்ன நைனா என்பார். இப்போது அவர் என்று எழுதுகிறேன். அந்த நாளில் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

யுத்தத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தண்டோரா போட்டபோது நான் பரீட்சையில் தவறிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அப்பா இல்லாத என்னை வளர்த்தவர் பெரியப்பா. பட்டாளத்துக்குப் போகிறேன் என்று சொன்னதும் நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் களத்து மேட்டில் வைத்து அவரைக் கூப்பிட்டார்.

"சின்னவன் சண்டைக்குப் போறேன்னு நிக்கிறான். நீயும் கூடப் போ. பக்கத்துலயே இருந்து பாத்துக்கோ."

"ஆங்."

அவ்வளவுதான். அவருக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கையில் ஒரு பெண் குழந்தை. அவருடைய மனைவி என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. துணைக்கு ஆள் கிடைத்தது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அரக்கோணத்தில் ஆள் எடுத்தார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றோம். டாக்டர் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"க்ஷயம் உண்டா?"

"ஆங்."

"வலிப்பு வருமா?"

"ஆங்."

"ரத்த வாந்தி?"

"ஆங்."

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். "இவ்வளவும் இருந்தா நீ எப்படிய்யா நடந்து வந்தே?"

பின்னால் நின்ற நான் முன்னே போய்ச் சொன்னேன். "சார், அவன் ஆமான்னு சொல்லலைங்க. நீங்க பேசறது காதுல விழுதுன்னு சொல்றான். எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவான்." டாக்டர் சிரித்துவிட்டார். நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்தார், முதுகைத் தட்டினார். "காளை மாதிரி கீறான்" என்று முத்திரை குத்தினார். எனக்கு இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் குமாஸ்தா வேலை, மொழிபெயர்க்கிற வேலை. அவருக்கு மூட்டை தூக்குகிற வேலை. ஒரே கம்பெனி.

பம்பாயில் கப்பல் ஏறி, எகிப்தில் ஒரு வருடம் மணலில் கிடந்துவிட்டு, இத்தாலியின் தெற்குக் கோடியில் தாரன்தோ என்கிற துறைமுகத்தில் போய் இறங்கினோம். மத்தியதரைக் கடல் என்று பூகோளப் புத்தகத்தில் நீலமாகப் பார்த்திருந்தேன். நாங்கள் இறங்கிய அன்று அது எங்கள் ஏரித் தண்ணீர் மாதிரி சேற்று நிறமாக இருந்தது. குளிர் மழை. ஊருக்கு வெளியே ஆலிவ் மரங்களுக்கு நடுவே கூடாரம். தரை முழுக்கச் சேறு. பகலெல்லாம் துறைமுகத்தில் கப்பலிலிருந்து மூட்டையும் பெட்டியும் இறக்கிக் கிடங்கில் அடுக்குவார்கள். நான் வாசலில் உட்கார்ந்து பட்டியல் எழுதுவேன்.

பழைய நகரம் ஒரு தீவு போல இருந்தது. இந்தப் பக்கம் பெரிய கடல், அந்தப் பக்கம் சின்னக் கடல், நடுவில் ஒரு இரும்புப் பாலம். பெரிய கப்பல் வந்தால் பாலம் இரண்டாகப் பிரிந்து ஒதுங்கும். கப்பல் போனதும் மறுபடி சேரும். அதுவரை இரண்டு கரையிலும் ஜனங்கள் காத்து நிற்பார்கள். பாலத்தைத் தாண்டினால் சந்துகள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். குண்டு விழுந்து பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. குழாயில் தண்ணீர் இல்லை. யாரிடமும் ரொட்டி இல்லை.

எங்களை அதிரவைத்தது அந்தப் பசிதான். வெள்ளைத் தோல்காரர்கள் என்றால் அதிகாரம் பண்ணுகிறவர்கள் என்றே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே சமையல் கூடாரத்துக்குப் பின்னால் வெள்ளைக்காரக் கிழவிகள் டப்பாவோடு நின்றார்கள். நாங்கள் கொட்டிய கஞ்சித் தண்ணீரை வாங்கிப் போனார்கள். ஒரு பெண்பிள்ளை எங்கள் ஆள் ஒருவன் துப்பிய முருங்கைச் சக்கை மாதிரி ஏதோ ஒன்றை எடுத்து வாயில் வைத்ததைப் பார்த்துவிட்டு அவர் தன் தட்டை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அன்று இரண்டு வேளை பட்டினி.

"இவங்களுக்கு யாரு எசமான், தம்பி?" என்று என்னைக் கேட்டார். 

தம்பி என்று கூப்பிடச் சொன்னது நான்தான். பட்டாளத்தில் எல்லோர் முன்னாலும் சின்ன நைனா என்று கூப்பிட்டால் சிரிக்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன். நானும் அண்ணே என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன். முதலில் நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குள் போக அனுமதி உண்டு. மற்றவர்கள் ஒயின் கடையைத் தேடிப் போவார்கள். நாங்கள் இரண்டு பேரும் சந்து சந்தாகச் சுற்றுவோம். அந்த ஊர்க்காரர்கள் இல்லை என்பதற்கு வாயால் சொல்வதில்லை. தலையை லேசாகப் பின்னுக்குத் தள்ளி, நாக்கை 'ச்' என்று கொட்டுவார்கள். "நம்ம ஊர்லயும் இப்படித்தானே பண்ணுவாங்க" என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். அவர் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. ஒருத்தி தண்ணீர்க் குடத்தைக் காட்டி ஏதோ சொன்னாள். ஆங் என்று வாங்கிக்கொண்டு நாலு மாடிப் படி ஏறினார். அடுத்த ஞாயிறு மூன்று பேர் குடத்தோடு நின்றார்கள். அதற்கடுத்த வாரம் உடைந்த சுவரின் கல்லை ஒதுக்கினார். ஒரு வார்த்தை தெரியாது. அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று எனக்கே புரியாது, அவர் பாட்டுக்குச் செய்துகொண்டிருப்பார். அந்தச் சந்தில் அவருக்குப் பெயரே ஆங் என்று ஆகிவிட்டது. எங்கள் தலை தெரிந்ததும் குழந்தைகள் "ஆங்! ஆங்!" என்று ஓடிவரும். வந்து அவர் கையைத் தேய்த்துப் பார்க்கும், கறுப்பு ஒட்டிக்கொள்கிறதா என்று.

ஒரு நாள் போனபோது ஒரு வீட்டு வாசலில் அழுகைச் சத்தம். கிழவர் ஒருவர் செத்துப் போயிருந்தார். அந்த வீட்டில் கிழவருடைய மருமகளும் ஒரு குழந்தையும்தான். மகன் சண்டைக்குப் போய் எங்கே என்றே தகவல் இல்லை. சந்தில் தெம்புள்ள ஆண்கள் யாரும் இல்லை. மருமகள் அவரைப் பார்த்தாள். சவப்பெட்டியைக் காட்டினாள்.

ஆங் என்று போய்த் தோள் கொடுத்தார். நான் கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் சாவுக்கு வேண்டிய வேலையெல்லாம் அவருடைய தெரு ஆட்கள் செய்வார்கள். நாங்கள் தள்ளி நின்று பார்ப்போம். அந்தப் பழக்கம் எனக்கு அத்தனை கடல் தாண்டியும் போகவில்லை. கல்லறைக்குப் போய் வந்ததும் அந்தப் பெண் எங்களை உள்ளே வரச் சொன்னாள். ஒரே அறை. இரண்டே நாற்காலி. அதில் எங்களை உட்கார வைத்துவிட்டு அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஆளுக்கொரு கண்ணாடி தம்ளரில் கொஞ்சம் ஒயின் ஊற்றிக் கொடுத்தாள். அதைத் தவிர வீட்டில் கொடுக்க எதுவும் இருந்திருக்காது.

பட்டாளத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தின்பது எங்களுக்குப் பழகிவிட்டிருந்தது. அது உத்தரவு. இது வீடு. திரும்பி வரும்போது பாலம் திறந்திருந்தது. காத்து நிற்கையில் பார்த்தால் அவர் அழுதுகொண்டிருந்தார்.

"இன்னாண்ணே?"

"ஊட்டுக்குள்ளே நாற்காலி போட்டாங்க, தம்பி. நீ யாருன்னு ஒருத்தரும் கேக்கலே."

நான் கப்பலைப் பார்த்தேன்.

அந்தப் பெண் சின்னக் கடலில் கயிறு கட்டி வளர்க்கிற சிப்பியைச் சுத்தம் செய்து விற்று வந்தவள். சண்டையில் அதுவும் நின்றுபோயிருந்தது. குழந்தையின் பெயர் ரோசா. "என் பொண்ணு வயசுதான்" என்றார். இரண்டு வயதாகியும் நடக்கவில்லை. வயிறு உப்பி, கால் குச்சியாக இருக்கும். அவரைப் பார்த்தால் மட்டும் கையை நீட்டும். ஒரு நாள் அந்தப் பெண் குழந்தையின் வாயைக் காட்டி, பிறகு தன் மார்பைக் காட்டிக் கையை விரித்தாள். பால் இல்லை என்கிறாள் என்று எனக்குக்கூடப் புரிந்தது.

"ஆங்" என்றார்.

முதலில் கறுப்புத் தேநீர் குடித்துவிட்டுத் தன் பங்குப் பாலை டப்பாவில் வாங்கினார். பிறகு தன் சிகரெட்டைக் கொடுத்து மற்றவர்களிடம் டின் பால் வாங்கினார். அதுவும் போதவில்லை. கிடங்கில் பால் டின் பெட்டி பெட்டியாகக் கூரைவரை அடுக்கியிருந்தது. அடுக்கியவரே அவர்தான். ஒரு மாலை மழைக்கோட்டுக்குள்ளிருந்து இரண்டு டின்னை எடுத்து என்னிடம் காட்டினார். என்னிடம் அவர் எதையும் மறைத்ததில்லை.

நான் தடுத்திருக்கலாம். எனக்கு அப்போது ஒரு கைக்கடிகாரத்தின் மேல் ஆசை. பழைய நகரத்து நாவிதன் ஒருவன் அதைக் கொடுக்கத் தயாராக இருந்தான், எட்டு டின் பாலுக்கு. "அண்ணே, எனக்கும் எட்டு டின்னு வேணும்" என்றேன்.

ஆங் என்றார். இரண்டு வாரத்தில் கொண்டுவந்து கொடுத்தார். கடிகாரம் என் கையில் ஏறியது.

பிடிபட்டது ஒரு புதன்கிழமை. பழைய நகரத்து வழியில் ராணுவப் போலீஸ் மழைக்கோட்டைத் திறக்கச் சொன்னது. மறுநாள் காலை காப்டன் முன்னால் விசாரணை. காப்டனுக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நான்.

"கிடங்கிலிருந்து பால் டின் எடுத்தாயா?" நான் தமிழில் கேட்டேன்.

"ஆங்."

எடுத்தது உண்மை. ஆமாம் சார் என்றேன்.

"ஐந்து மூட்டை மாவு காணாமல் போயிருக்கிறது. அதுவும் நீதானா?"

"ஆங்."

மாவு மூட்டையை அவர் தொட்டதே இல்லை. லாரியில் ஏற்றிக்கொண்டுதான் அதைத் திருட முடியும். யார் திருடினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அரக்கோணத்து டாக்டரிடம் சொன்ன அதே வார்த்தையை அப்போது சொல்லியிருந்தால் போதும். சார், அது ஆமாம் அல்ல, காதில் விழுந்தது என்கிறார். ஒரே ஒரு வரி. என் வாய் அதைச் சொல்லவில்லை. ஆமாம் சார் என்றேன்.

"வெளி ஆட்களுக்கு விற்றாயா?"

"ஆங்."

"ஆமாம் சார்."

காப்டன் பேனாவை வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தார். "உன்னிடமிருந்து வாங்கியவர்கள் நம் கம்பெனியில் யாராவது உண்டா?"

 அதை அப்படியே கேட்டால் ஆங் என்பார். யார் என்று அடுத்து கேட்பார்கள். கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டேன். கேள்வியை மாற்றினேன்.

"நீ ஒண்டியாத்தானே செஞ்சேன்னு கேக்கறாரு."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஊரில் வண்டி மேட்டில் ஏறும்போது நான் விழுந்துவிடாமல் இருக்கிறேனா என்று திரும்பிப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"ஆங்."

"வேறு யாருக்கும் சம்பந்தமில்லையாம், சார்."

காப்டன் என்னிடமே கேட்டார், உன் ஊர்க்காரனாமே, எப்படிப்பட்ட ஆள் என்று. ஏழை சார் என்றேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

ஆறு மாதம் கடுங்காவல். இடுப்பு வாரை அவிழ்த்து வாங்கிக்கொண்டு வெளியே நடத்திப் போனார்கள். என்னைத் தாண்டும்போது சொன்னார், "வேளாவேளைக்குத் துன்னு, தம்பி."

மூன்று வாரம் கழித்து முகாம் வாசலில் ஒரு பெண் வந்து நிற்கிறாள், என்ன பேசுகிறாள் என்றே புரியவில்லை என்று காவல்காரன் என்னைக் கூப்பிட்டான். அவள்தான். பாலம் தாண்டி அத்தனை தூரம் மழையில் நடந்து வந்திருந்தாள். தலையில் கறுப்புத் துணி. "ஆங்? ஆங்?" என்று கேட்டாள். நான் தலையைப் பின்னுக்குத் தள்ளி நாக்கைக் கொட்டினேன். புரிந்துகொண்டாள். பிறகு கையைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வைத்துக் காட்டி, "ரோசா" என்றாள். உள்ளங்கையால் தன் கண் இரண்டையும் மூடிக் காட்டினாள்.  அவரிடம் சொல்லிவிடு என்பதற்காக மட்டுமே வந்திருக்க வேண்டும். மழையிலேயே திரும்பி நடந்தாள்.

நான் அவரிடம் சொல்லவில்லை. சிறை முகாமுக்குச் சீட்டு எழுதி அனுப்பியிருக்கலாம். ஆறு மாதம் கழித்து இருமலோடு திரும்பி வந்தார். அதற்குள் எங்கள் கம்பெனியை வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். வந்ததும் அவர் முதலில் கேட்டது, "அங்க போவ முடியுமா தம்பி?" முடியாது என்றேன். அது உண்மைதான்.

யுத்தம் முடிந்து ஊருக்கு வந்தோம். எனக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தார்கள். அதை வைத்துத் திருத்தணியில் ஆரம்பப் பள்ளி வாத்தியார் வேலை கிடைத்தது. அவருடைய காகிதத்தில் திருட்டுக் குற்றம் என்று எழுதியிருந்தது. எந்த வேலைக்கும் அது உதவாது. திருத்தணி ஸ்டேஷனில் இறங்கியபோது என் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். "நட, சின்ன நைனா" என்றார். நான் திருத்தவில்லை.

மறுபடி எங்கள் நிலத்தில்தான் வேலை. பட்டாளத்திலேயே திருடிவிட்டு ஜெயிலுக்குப் போனவன் என்று ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. நான் சொல்லவில்லை. எங்கள் கம்பெனியிலிருந்த சோளிங்கர் ஆள் ஒருவன் சந்தையில் சொல்லியிருக்கிறான். அதன் பிறகு ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். களத்தில் வேர்க்கடலை ஒரு மூட்டை குறைந்தது.

"நீதான் எடுத்தியாடா?"

"ஆங்."

அடித்தார்கள். அடுத்து ஏற்றக் கயிறு. அதற்கும் ஆங். அதற்கும் அடி. இருமல் அதிகமாகிக்கொண்டே போனது. இதெல்லாம் எனக்குத் தெரியும். திருத்தணிக்கும் ஊருக்கும் அப்படியொன்றும் தூரமில்லை. சனி, ஞாயிறு வருவேன், சாப்பிடுவேன், கேள்விப்படுவேன், போவேன்.

ஆடிக் கிருத்திகைக்கு மலையில் கூட்டம் முடிந்து நான் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். பெரியப்பா வீட்டு வெண்கலப் பானை காணோம். மாட்டுக் கொட்டகைத் தூணில் அவரைக் கட்டியிருந்தார்கள். சட்டையில்லாத முதுகில் வரி வரியாகத் தடித்திருந்தது. அவருடைய மனைவி தெருவில் நின்றுகொண்டு, உள்ளே வர முடியாமல், கும்பிட்டபடியே இருந்தாள். பக்கத்தில் அந்தப் பெண் குழந்தை. அதுவும் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"அவுத்து விடுங்க" என்றேன். "அவரு எடுக்கலே."

"அவனே ஆங்குன்றான். உனக்கு இன்னா தெரியும்?" என்றார் பெரியப்பா.

"அவரு எல்லாத்துக்கும் ஆங்குதான் சொல்லுவாரு. உங்களுக்கே தெரியும். இருபது வருசமா கூப்பிடறீங்களே."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பால் டின், குழந்தை, மாவு மூட்டை, காப்டன் கேட்டது, நான் கேள்வியை மாற்றியது. ரோசா செத்ததை மட்டும் விட்டுவிட்டேன். எட்டு டின்னுக்குக் கடிகாரம் வாங்கியதையும் சொல்லி, அதைக் கழற்றித் திண்டின் மேல் வைத்தேன். "திருட்டுன்னா இதுதான் திருட்டு. என்னைக் கட்டுங்க" என்றேன்.  இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். யாரோ கட்டை அவிழ்த்தார்கள்.

என்னை யாரும் கட்டவில்லை. ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியப்பா கடிகாரத்தை எடுத்து, துண்டால் துடைத்து, என் கையில் கொடுத்தார்.

"சின்ன வயசு, யுத்த காலம், ஆயிரம் நடக்கும். இதையெல்லாம் போய் நாலு பேரு முன்னால பேசிகினு. உள்ள வா. இலை போட்டாச்சு."

நான் உள்ளே போனேன். சாப்பிட்டேன்.

அந்த வாரமே அவர் பெண்டாட்டி பிள்ளையோடு மதராசுக்கு ரயில் ஏறிவிட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். முடிவு செய்தது அவள் என்று பிற்பாடு தெரிந்தது. வெண்கலப் பானை அடுத்த கோடையில் கிணறு தூர்வாரும்போது சேற்றுக்குள்ளிருந்து கிடைத்தது. அதைப் புளி போட்டுத் தேய்த்து அடுப்படியில் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு வருடம் கழித்து அவர் தெரு ஆள் ஒருவர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, மதராசு தர்ம ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், இனித் தேறாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் உயிர் போவதற்கு மூன்று நாள் முன்பு நான் போய்ப் பார்த்தேன். நீளமான அறை, இரண்டு பக்கமும் கட்டில்கள், எல்லாக் கட்டிலிலும் இருமல். எலும்பும் தோலுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அவருடைய மனைவி பிடித்துப் படுக்க வைத்தாள்.

"உக்காரு, தம்பி" என்றார்.

 மன்னிச்சுடுண்ணே என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. வேறு ஏதோ யோசனையில் இருந்தார்.

"ரோசா இந்நேரம் நடக்கும் இல்லே? நீ அப்புறமா பாத்தியா?"

வாசலில் வந்து நின்ற அந்தப் பெண்ணின் கறுப்புத் துணி என் கண்ணுக்குள் வந்தது.

"பாத்தேண்ணே. கம்பெனி அந்த ஊர்லேருந்து கெளம்பறதுக்கு முன்னால. நல்லா நடந்துச்சு. ஓடுது."

"ஓடுதா" என்றார். அவருடைய முகம் முழுக்கச் சிரிப்பு. சிரிப்பே இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை. அவருடைய மனைவி கிண்ணத்தை வாயருகே பிடித்தாள். பிறகு அதைக் கழுவ வெளியே எடுத்துப் போனாள். நானும் எழுந்து போனேன்.

தாழ்வாரத்துக் குழாயடியில் கிண்ணத்தைக் கழுவியபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்தப் பாப்பா நெசமா உசுரோட கீதா?"

அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. "இல்லே. இவரு ஜெயிலுக்குப் போன மூணாவது வாரமே போயிடுச்சு. அதோட அம்மா வந்து சொல்லிச்சு. நான் இவர்கிட்ட சொல்லவே இல்லே."

 தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. கிண்ணத்தை இரண்டு தடவை கழுவினாள். முந்தானையில் துடைத்தாள்.

"இனிமேலும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அங்கிருந்து கட்டில் தெரிந்தது.

"ரோசா ஓடுதாம்" என்று அவளிடம் சொன்னார்.

"ஓடாம? நம்ம பொண்ணு வயசுதானே. நம்மது இன்னா ஓட்டம் ஓடுது." தலையணையைச் சரிசெய்தாள். "அங்க தலை பின்னி ரிப்பன் கட்டுவாங்களா?"

"ஆங், கட்டுவாங்க. அவங்கம்மா கட்டும்."

"இன்னா கலரு?"

கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். சிவப்பு என்றார்.